தலைப்பாகையோடு போகாதது

"தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு" என்று நம் ஆட்கள் சொல்வார்களே, அந்தப் பழமொழியைக் கண்டுபிடித்தவர் நிச்சயமாக என்னைப்போலத் தோட்டத்து மருந்துச்சாலையில் வைத்தியம் பார்த்த ஒரு டிஸ்பென்சர் அல்ல. டிஸ்பென்சராக இருந்திருந்தால், தலைப்பாகையை ஒருபக்கம் வைத்துவிட்டு, ஆளை மறுநாள் விடியும்வரை பக்கத்திலேயே படுக்க வைத்துப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்திருப்பார்.

தோட்டத்து மருந்துச்சாலைகளுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாரே, காய்ச்சலுக்கு என்ன கொடுப்பது, வெட்டுக்காயத்துக்கு எப்படித் தையல் போடுவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இப்போது வரும் மருந்துகளின் பெயர்களைச் சொல்லிமுடிக்க என் வாயில் பல்லே போதாது. அதனால் மருந்தைப் பற்றிப் பேசப்போவதில்லை. ஒரு தொப்பியைப் பற்றிப் பேசப்போகிறேன். குதிரையிலிருந்து விழுந்தவன் இனி உங்களிடம் வரமாட்டான், மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தவன்தான் வருவான் என்று சிரிக்காதீர்கள். வாகனம் மாறியிருக்கிறது. தலை அதே தலைதான்.

முப்பதுகளின் தொடக்கத்தில், வத்தேகமவுக்கு மேலே ஹுன்னஸ்கிரிய மலைச்சரிவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தேன். தோட்டத்தை நிர்வகித்த பெரிய துரையிடம் கார் இருந்தது. ஆனால் கார் ஓடக்கூடிய பாதை தோட்டத்தில் ஒன்றே ஒன்று. அவருக்குக் கீழே மலை மலையாக ஏறி இறங்க வேண்டிய உதவி நிர்வாகி சின்ன துரைக்குக் குதிரைதான் கால். துரைமார் இருவரும் தக்கைத் தொப்பி போடுவார்கள். அது வெயிலுக்கென்று செய்த தொப்பி. விழுந்தால் தலையைக் காக்கவென்று யாரும் அதைச் செய்யவில்லை. நாடிக்குக் கீழே மாட்டுவதற்கு ஒரு தோல்வார் இருக்கும். அதைத் துரைமார் நாடிக்குக் கீழே மாட்டமாட்டார்கள். தொப்பியின் விளிம்புக்கு மேலே அழகாகச் சுற்றி வைத்திருப்பார்கள். அதனால் குதிரை துள்ளினால் முதலில் தொப்பி பறக்கும், துரை பிறகு விழுவார்.

ஒருநாள் சின்ன துரை விழுந்தார். நல்லவேளையாக அன்று மலையில் பேய்க்காற்று. தொப்பி பறந்துவிடக்கூடாதென்று வாரை நாடிக்குக் கீழே மாட்டியிருந்தார். அவருடைய குதிரைக்காரன் சவரிமுத்து அவரைக் கூட்டிக்கொண்டு மருந்துச்சாலைக்கு வந்தான். துரை தன் காலாலேயே நடந்து வந்தார், சிரித்துக்கொண்டு வந்தார். முழங்கையில் சிராய்ப்பு. தொப்பி ஒரு பக்கம் நசுங்கி, உள்ளே இருந்த தக்கை பொரிப்பொரியாக உதிர்ந்துகொண்டிருந்தது. தலையில் ஒரு கீறல்கூட இல்லை.

"தலைக்கு வந்தது தொப்பியோட போச்சுங்க ஐயா!" என்றான் சவரிமுத்து. வியாகுல மாதாவுக்கு மெழுகுதிரி நேர்ந்துகொண்டிருப்பான் போலிருக்கிறது, அவன் முகத்தில் அவ்வளவு நிம்மதி.

முழங்கையைக் கழுவிக்கொண்டிருந்தேன். "குதிரை எங்கே?" என்று கேட்டார் துரை. லாயத்துக்குப் போய்விட்டது, அடி ஒன்றும் இல்லை என்றேன். மருந்து தடவினேன். "குதிரை எங்கே?" என்றார். மறுபடியும் சொன்னேன். கட்டுப் போட்டேன். அவர் சிரித்துக்கொண்டே எழுந்து நின்று, "அது சரி, குதிரை எங்கே?" என்றார்.

ஒரே கேள்வி மூன்று தடவை; அடி உள்ளே போயிருக்கிறது. பங்களாவுக்குப் போய்க் கொஞ்சம் பிராந்தி குடித்துவிட்டுப் படுக்கப்போவதாகச் சொன்னார். வெள்ளைக்காரத் துரையைப் பார்த்து "போகாதே, உட்கார்" என்று சொல்ல அந்தக் காலத்து டிஸ்பென்சருக்கு எந்த நாக்கும் கிடையாது. சொன்னாலும் கேட்டிருக்கமாட்டார். அதனால், மண்ணில் உரசிய காயம், ஏற்பு, அதுதான் ரணஜன்னி, வராமலிருக்க ஊசி போட்டே ஆகவேண்டும், ஊசி அடுப்பில் வேகிறது என்றேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "இன்னும் வேகவில்லையா?" என்று ஏசுவார். "இன்னும் கொஞ்சம் வேகட்டும் துரை" என்பேன். அந்த ஊசி வெந்ததைப்போல உலகத்தில் எந்த ஊசியும் வெந்திருக்காது. கடைசியில் அவர் முகம் வெளுத்து, உட்கார்ந்திருந்த கதிரையை விட்டுச் சரிந்து வாந்தி எடுத்தார். ஆள் அனுப்ப, பெரிய துரையின் கார் வந்தது. கண்டி ஆஸ்பத்திரியில் இருட்டு அறையில் பல நாள் அசையாமல் கிடந்துதான் பிழைத்தார்.

மேல் ஓடு, அந்தக் கோது, உடையாமலே தேங்காயைக் குலுக்கலாம், தம்பிமாரே. தொப்பி கோதைக் காக்கும். உள்ளே குலுங்குவதைக் காக்காது. தொப்பி போட்டிருந்தான், ரத்தம் இல்லை, சிரிக்கிறான் என்று ஒருவனை வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

அவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தபோது அங்கே சத்திரசிகிச்சை செய்யும் பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். பெயரைச் சொல்லமாட்டேன், மேலே இருந்துகொண்டும் ஏசுவார். லயத்து வரிசைவீடுகளில் குடியிருக்கும் ஆட்கள் டிஸ்பென்சர்களான எங்களை டாக்டர் ஐயா என்று கூப்பிடுவது அவருக்கு அறவே பிடிக்காது. ஆனால் கேட்டால் சொல்லித்தருவார்.

"நீர்தான் அந்த ஊசி அவிச்ச ஆளோ?" என்றார்.

"ஓமுங்க சேர்."

"நல்ல காரியம். ஆனா தொப்பியை ஏன் கொண்டுவரேல்ல? இனி ஆராவது விழுந்தா, தொப்பியையும் கொண்டு வாரும். தலை பொய் சொல்லும். தொப்பி பொய் சொல்லாது. எவ்வளவு அடி, எந்தப் பக்கம், வார் கட்டியிருந்ததோ இல்லையோ, எல்லாம் அதில இருக்கும்."

தொப்பியைப் பார்த்த பிறகே தலையைப் பார்ப்பது என்ற பழக்கம் எனக்கு அன்றுதான் தொற்றியது. அப்போது அது எனக்கு ஒரு வித்தைபோலத்தான் பட்டது.

சின்ன துரை குணமாகித் தோட்டத்துக்கு வந்தார். வந்தவருக்குத் தொப்பிமேல் பெரிய பக்தி. தனக்கு ஒரு புதுத் தொப்பி வாங்கிக்கொண்டு, தன்னிடமிருந்த இன்னொன்றைச் சவரிமுத்துவிடம் கொடுத்தார். சிவலை என்று ஒரு இளங்குதிரை அப்போது லாயத்துக்கு வந்திருந்தது. அதை ஓட்டிப் பழக்குவது சவரிமுத்துவின் வேலை. குதிரையில் ஏறினால் தொப்பி, தொப்பி போட்டால் வார் என்று கட்டளை போட்டார் துரை. நல்ல மனுஷன். ஆனால் அந்தத் தொப்பி லயத்துக்குள் போனால் என்ன நடக்கும் என்பதை அவர் யோசிக்கவில்லை.

தோட்டத்து முறை உங்களுக்குத் தெரியாததல்ல. இன்று கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. அன்று துரை வருகிறார் என்றால் குடை மடங்கும், தலைத்துண்டு தோளுக்கு இறங்கும், ஆள் பாதையோரத்துக்கு ஒதுங்குவான். யாரும் உத்தரவு போட்டதில்லை. பெரிய துரைகூட அதைக் கேட்டு வாங்கியதாக எனக்கு ஞாபகம் இல்லை. பார்த்தாரா என்றே தெரியாது. ஆனால் மழையில் நனைந்துகொண்டே நானும் அவருக்கு முன்னால் குடையை மடக்கியவன்தான். அது மூச்சுவிடுகிற மாதிரி தானாக நடந்தது.

அப்படிப்பட்ட இடத்தில் ஒரு குதிரைக்காரன் துரைத் தொப்பியோடு வந்தால் விடுவார்களா? கொழுந்தெடுக்கும் பெண்கள் மலையிலிருந்தபடியே, "சவரிமுத்துத் தொர வர்றாரு டோய்! சலாம் தொர!" என்று கத்துவார்கள். அவன் வெட்கப்பட்டுக்கொண்டே சலாம் திருப்பிக் கொடுப்பான். பெரிய கங்காணிக்கு மட்டும் அது சிரிப்பாக இல்லை.

"தொப்பி தொரைக்கு, தலப்பா நமக்கு. வரிசைய மாத்தினா வம்புதான் வரும்" என்று மருந்துச்சாலை வாசலில் நின்று என்னிடமே சொன்னார்.

சவரிமுத்துவின் மனைவி ஞானம்மாவுக்கும் தொப்பி பிடிக்கவில்லை. "ஊரு கண்ணெல்லாம் அவரு தலமேலதான் ஐயா இருக்கு. கண்ணு பொல்லாதது. நீங்களாச்சும் சொல்லி அதத் திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க" என்றாள். நான் சின்ன துரையின் நசுங்கிய தொப்பியைப் பற்றி அவளுக்கு நீட்டி முழக்கிச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். ஒத்துக்கொள்ளவில்லை.

சவரிமுத்து தொப்பியைப் போட்டான். ஆனால் வாரை விளிம்புக்கு மேலே சுற்றிவிட்டான். ஒருநாள் பாதையில் நிறுத்திக் கேட்டேன்.

"ஏன்டாப்பா, வார் எதுக்கு? தொப்பிக்கு அரைஞாண் கட்டவா?"

"மாட்டினா அவுக்க நேரமாவுதுங்க ஐயா. பெரிய தொர வந்துட்டாருன்னா?"

"வரட்டும். தலையை மட்டும் ஆட்டு."

"தொப்பியோடயா?" நான் ஏதோ வேட்டி இல்லாமல் நிற்கச் சொன்னதுபோல் பார்த்தான். "நல்லாச் சொன்னீங்க! அந்த மனுஷன் என்னா நெனப்பாரு?"

"அப்போ இறங்கி நின்று எடு."

"எறங்கினா சிவல நம்மள விட்டுட்டு வத்தேகம சந்தைக்கே போயிரும்."

சிரித்தான். நானும் சிரித்துவிட்டேன். அவன் சொன்னதில் ஞாயம் இருந்ததே, என்ன செய்ய!

சில வாரம் போயிருக்கும். வெயில் ஏறிய ஒரு காலை. பெரிய கங்காணி சவரிமுத்துவைத் தோளில் பிடித்துக்கொண்டு மருந்துச்சாலைக்குள் வந்தார். மதகுக்குப் பக்கத்தில் பாதை வளையும் முடக்கில் விழுந்துவிட்டானாம். மதகுக் கல்லில் தலை பட்டதாம். ஆனால் உடனே எழுந்துவிட்டானாம், பெரிய துரைக்குச் சலாம்கூட வைத்தானாம்.

"தலைக்கு வந்தது தலப்பாவோட போச்சுங்க ஐயா" என்றார் கங்காணி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏனென்றால் நான் முதலில் பார்த்தது தலையை அல்ல. சவரிமுத்துவின் வலதுகையில் அந்தத் தொப்பி இருந்தது. விரல்கள் விளிம்பை இறுகப் பிடித்திருந்தன. வாங்கிப் பார்த்தேன். நசுங்கல் இல்லை, கீறல் இல்லை, மண்கூட ஒட்டவில்லை. வார் விளிம்புக்கு மேலே அப்படியே இருந்தது.

"எங்கே ஐயா போச்சு? கையிலதான இருக்கு தலப்பா!" என்றேன் கங்காணியிடம். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"என்ன நடந்தது?" என்று சவரிமுத்துவைக் கேட்டேன்.

"தொர கார் வந்துச்சுங்க. தொப்பிய எடுத்தேன். முடக்குல ஆரன் அடிச்சாரு டைவர். சிவல துள்ளிருச்சு. ஒத்தக் கையில புடிக்க முடியல. அம்புட்டுத்தான் ஐயா. ஒண்ணுமில்ல. சிவல எங்கிட்டுப் போச்சோ, நான் போயிப் புடிக்கணும்."

சரியாகப் பேசினான். ஒன்றையே திருப்பித் திருப்பிக் கேட்கவில்லை. கண்ணின் பாவை இரண்டும் ஒரே அளவு. நாடித்துடிப்பில் குறையில்லை. காதுக்கு மேலே, எலும்பு மெலிந்த அந்த இடத்தில், கோழிமுட்டை அளவு வீக்கம். ரத்தமில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள், தம்பிமாரே. சின்ன துரை விஷயத்தில் எனக்குப் பிடித்துக்கொள்ள ஒரு குறி இருந்தது; அவர் வாயே காட்டிக்கொடுத்தது. இங்கே ஆளிடம் ஒரு குறியும் இல்லை. படித்ததை வைத்துப் பார்த்தால், படுக்க வைத்துக் காத்திருந்து பார்க்கலாம். ஆனால் எங்களிடமிருந்து கண்டிக்கு மலைப்பாதை. தோட்டத்தில் ஒரே கார். அது இப்போது கீழே ஆபீஸ் வாசலில் நிற்கிறது, இன்னும் சற்று நேரத்தில் பெரிய துரையை ஏற்றிக்கொண்டு போய்விடும், பொழுது சாயும்போதுதான் திரும்பும். அதற்குள் இவன் மண்டைக்குள் ரத்தம் கசியத் தொடங்கினால் நான் கையைப் பிசைந்துகொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். கசியாவிட்டால்? நடந்து வந்த ஒரு குதிரைக்காரனைத் துரையின் காரில் ஏற்றி ஊர்வலம் விட்ட டிஸ்பென்சர் என்று என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

கையில் இருந்த தொப்பியை மறுபடியும் பார்த்தேன். அது புதுசுபோல இருந்தது. தொப்பி வாங்கவேண்டிய அடி எங்கேதான் போயிருக்கும்? முழு அடியும் தலைக்குள்தான் இருக்கிறது. எனக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

தொப்பியை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்கு ஓடினேன். பெரிய துரை காரில் ஏறப்போகிற நேரம். எங்கள் பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது. எனக்கு ஞாபகமிருக்கிறபடி சொல்கிறேன்.

சவரிமுத்துவை உடனே கண்டிக்குக் கொண்டுபோகவேண்டும், கார் வேண்டும் என்றேன்.

"அவன் எழுந்து நின்றான். எனக்குச் சலாம் வைத்தான். நான்தான் பார்த்தேனே" என்றார் துரை.

"சின்ன துரையும் சிரித்துக்கொண்டுதான் வந்தார்."

"அவருடைய தொப்பி நொறுங்கிக் கிடந்தது. இதில் ஒன்றுமே இல்லையே."

"அதனால்தான் பயப்படுகிறேன் துரை. இது தலையில் இருக்கவில்லை."

"ஏன் இருக்கவில்லை? போடச்சொல்லித்தானே கொடுத்தது?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். கவனக்குறைவு என்று சவரிமுத்துமேல் போட்டிருக்கலாம். அதுதான் எல்லோருக்கும் சௌகரியம். ஆனால் அப்படிச் சொன்னால் கவனக்குறைவான குதிரைக்காரனுக்குக் கார் எதற்கு என்ற கேள்வி வந்துவிடும். அதனால் உள்ளதைச் சொன்னேன்.

"நீங்கள் வந்தீர்கள், துரை. அதனால் எடுத்தான்."

அவர் என் கையிலிருந்த தொப்பியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விளிம்பில் சுற்றியிருந்த வாரை விரலால் இழுத்து விட்டார். பிறகு அவரே காரின் பின்கதவைத் திறந்து வைத்தார்.

ஞானம்மா கொழுந்துக்கூடையை மலையிலேயே போட்டுவிட்டு ஓடிவந்திருந்தாள். சவரிமுத்து காரில் ஏறமாட்டேன் என்று அடம்பிடித்தான். துரை இருக்கிற வண்டியில் எப்படி உட்காருவது என்பதுதான் அவனுக்கு. "ஏறுடா!" என்று பெரிய துரை தமிழில் ஒரு அதட்டல் போட்டார். பின் ஆசனத்தில் அவனை நடுவில் வைத்து ஒருபக்கம் ஞானம்மா, ஒருபக்கம் நான். முன்னால் டிரைவரும் துரையும்.

"ஐயா, அந்தச் சனியன ஜன்னல் வழியா வீசுங்க" என்றாள் ஞானம்மா, என் மடியிலிருந்த தொப்பியைப் பார்த்து. "எம் புருசன் தலைக்கு எமனா வந்துச்சு. நான் அன்னைக்கே சொன்னேன், கேட்டீங்களா?"

"பெரிய டாக்டர் கேட்பார்மா."

"தொப்பிக்கா வைத்தியம் பாக்கப் போறாரு?"

வத்தேகமவை நெருங்கும்போது சவரிமுத்து பேச்சைக் குறைத்தான். தூக்கம் வருது என்றான். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் "ம்" என்றான். பிறகு அதுவும் இல்லை. குறட்டைபோல ஒரு மூச்சு. இமையைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு கண்ணின் பாவை அகன்றிருந்தது. என் கணக்கு சரி என்று அந்த நிமிஷம் தெரிந்தது. அப்படியொரு வெற்றி யாருக்கு வேண்டும்! மாதாவே, நான் முட்டாளாகிவிட்டுப் போகிறேன், இவன் கண்ணைத் திறக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

வத்தேகமவில் சந்தை. பாதை முழுக்க வண்டியும் மாடும் மூட்டையும். டிரைவர் ஆரனை அமுக்கிக்கொண்டே இருந்தார். துரைக்கு ஏதோ அவசரம் என்று நினைத்துச் சனங்கள் மெதுவாக ஒதுங்கினார்கள். சரியாக நடுப்பாதையில் ஒரு வெங்காய வண்டி. அதற்குச் சொந்தக்காரர் மடவளை ஊர் வியாபாரி ஒருவர், என்ன சத்தம் என்று காருக்குள் எட்டிப் பார்த்தார். சவரிமுத்துவின் மூச்சு அவருக்கும் கேட்டிருக்கவேண்டும்.

"யா அல்லாஹ்! மனுசன் ஒருத்தன் கெடக்கான் உள்ளுக்கு! டேய், மாட்டை அவுருங்கடா! வண்டியக் கானுக்குள்ள தள்ளுங்க!"

"நானா, வெங்காயம்..." என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டார் பக்கத்தில் நின்ற ஒருவர்.

"வெங்காயம் நாளைக்கும் முளைக்கும். தள்ளுங்க!"

வண்டி பாதையோரத்துத் தண்ணீர்க் கானுக்குள் சரிந்தது. வெங்காயம் உருண்டது. கார் போனது. "பயப்படாதங்க தங்கச்சி, அல்லாஹ் இருக்கான்" என்று அவர் ஞானம்மாவைப் பார்த்துச் சொன்னது பின்னாலிருந்து கேட்டது. அவர் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் என்னைக் கண்டதும் கையை நீட்டினார். தொப்பியைக் கொடுத்தேன். சுற்றிப் பார்த்தார்.

"ஒரு அடியும் இல்லை" என்றார்.

"கையில வச்சிருந்தான் சேர்."

சவரிமுத்துவின் காதுக்கு மேலே விரலை வைத்துப் பார்த்தார். "எப்ப விழுந்தவன்? பேசினவனோ? ஓம், சரி. நில்லும், வாறன்." அவ்வளவுதான். கை கழுவப் போய்விட்டார். அன்றே மண்டையோட்டில் துளைபோட்டு உறைந்திருந்த ரத்தத்தை எடுத்தார்கள்.

நாங்கள் வெளியே விறாந்தையில் கிடந்த நீள வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தோம். ஞானம்மா செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். பெரிய துரை தன் அலுவலுக்குப் போகவில்லை. வாங்கின் மறுமுனையில், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புழுக்கமாக இருக்கும், அதனால் கழற்றியிருப்பார் என்று அப்போது நினைத்தேன்.

பெரிய டாக்டர் வெளியே வந்து ஞானம்மாவுக்கு முன்னால் நின்றார். "பிழைச்சிட்டான். அந்தக் காது கொஞ்சம் மந்தமாயிருக்கும். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா நான் செய்ய ஒண்டும் இல்லை" என்றார். பிறகு தொப்பியை அவள் கையில் கொடுத்தார். "இது தலையில இருந்திருந்தா, நீங்கள் இண்டைக்கு இஞ்ச வந்திருக்கவே தேவையில்லை, பிள்ளை."

ஞானம்மா தொப்பியை வாங்கிக்கொண்டு அழுதாள். நானும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன், வேறென்ன!

தோட்டத்தில் என்ன பேசினார்கள் என்று நினைக்கிறீர்கள்? கங்காணி சொன்னது பலித்துவிட்டது என்றார்கள். துரைத் தொப்பி கூலிக்காரனுக்கு ஆகாது, அதைத் தொட்டதால்தான் வந்தது என்றார்கள். ஒருவன் தலையைக் காக்க வந்த சாமானுக்கே பழி போட்டார்கள். நான் வாய் வலிக்கச் சொல்லிப் பார்த்தேன். விழுந்தது தொப்பி போட்டதாலல்ல, எடுத்ததால் என்றேன். "ரெண்டும் ஒண்ணுதான் ஐயா, தொப்பி இல்லாட்டி எடுத்திருக்கமாட்டான்ல" என்று மடக்கினார்கள். தலைப்பாகை கட்டியிருந்தால் மட்டும் எடுத்திருக்கமாட்டானா என்று கேட்டேன்.

மாதங்கள் போயின. சவரிமுத்து முதலில் லாயத்தில் புல் போட்டான், பிறகு குதிரையை நடத்திக்கொண்டு போனான். பெரிய டாக்டர் சம்மதம் கொடுத்த பிறகு மறுபடியும் சிவலையில் ஏறினான். ஏறிய நாள் நான் அந்த மதகுப் பக்கம்தான் இருந்தேன். லயத்தில் ஒரு பிள்ளைத்தாய்ச்சியைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். தலையில் அதே தொப்பி. ஆனால் தோல்வாரைக் காணோம். அதற்குப் பதிலாகக் கயிறு. கொழுந்தெடுக்கும் பெண்கள் கூடையைத் தலையிலிருந்து முதுகுக்குத் தொங்கவிடுவார்களே, அந்தக் கூடைக்கயிற்றில் ஒரு துண்டு. நாடிக்குக் கீழே முடிச்சு. கூடையில் எவ்வளவு பாரம் ஏறினாலும் நழுவாத முடிச்சு அது. அவிழ்ப்பதற்கு இரண்டு கையும் வேண்டும், கொஞ்சம் நிதானமும் வேண்டும்.

மேலே மலையில் கொழுந்து நிரையில் ஞானம்மா நின்றாள்.

அந்த நேரம் பார்த்துப் பெரிய துரையின் கார் முடக்கில் வந்தது. இந்த முறை ஆரன் அடிக்கவில்லை. கார் நின்றது, எஞ்சினும் நின்றது. நிரையில் கொழுந்தெடுக்கிற கைகளும் நின்றன.

சவரிமுத்துவின் வலதுகை தானாகத் தலைக்குப் போனது. தொப்பி வரவில்லை. கை நாடிக்குக் கீழே போய் முடிச்சை இழுத்தது. முடிச்சு அசையவில்லை. கடிவாளம் பிடித்திருந்த இடதுகையும் எழும்பப் பார்த்தது. சிவலை காதை நிமிர்த்தியது. "விடாதே!" என்று கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் அவனே இடதுகையைக் கீழே இறக்கிவிட்டான்.

"தொர..." என்றான். அழுகிற குரல். "அவுக்க முடியலீங்க தொர. பொஞ்சாதி முடிஞ்சு உட்டுட்டா. கூடை முடிச்சுங்க."

பெரிய துரை காரிலிருந்து தலையை நீட்டி அந்த முடிச்சைப் பார்த்தார். பிறகு மலையைப் பார்த்தார். அங்கே எந்தப் பெண் ஞானம்மா என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அன்று வெகுநேரம் ஒரே வாங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் அல்லவா.

"நல்ல முடிச்சு" என்றார் தமிழில். "இருக்கட்டும். நீ போ."

சவரிமுத்து தொப்பியோடு அவரைக் கடந்து போனான். என் பக்கத்தில் வந்ததும் குதிரையை நிறுத்தினான். அவன் தொடை இரண்டும் வெடவெடவென்று ஆடின.

"அன்னைக்கு விழுந்தப்பகூட இப்புடி நடுங்கலீங்க ஐயா" என்றான்.

விழுந்த பயத்துக்கு ஆஸ்பத்திரி இருந்தது. இந்தப் பயத்துக்கு நம் அலுமாரியில் என்ன மருந்து இருக்கிறது? அதனால்தான் சொல்கிறேன், தம்பிமாரே. தலையில் அடிபட்டு ஒருவன் வந்தால் தொப்பியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நசுங்கியிருந்தால் ஆளை நம்பாதீர்கள். நசுங்காமல் இருந்தால் இன்னும் நம்பாதீர்கள். அது தலையில் இல்லாமல் கையில் இருந்திருந்தால், யாருக்காக எடுத்தாய் என்று கேட்டுவிடுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் நாம் கட்டுகிற கட்டு பாதி வைத்தியம்தான்.

சவரிமுத்துவின் நல்ல காது எந்தப் பக்கம் என்று ஞானம்மாவுக்குத் தெரியும். அந்தக் காது தன் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து மலையிலிருந்து சத்தம் போட்டாள்.

"ரெண்டு கையும் கடிவாளத்துல இருக்கா?"

"இருக்குடி!" என்று கத்தினான் அவன்.

"அப்ப நிக்காமப் போ!"

நிரையில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவன் போனான். கூடைகளில் மறுபடியும் கொழுந்து விழத் தொடங்கியது.